ஸ்டிங்ரே 5 கம்பி பேஸ் கிட்டார்: செட்டப்புக்குச் சென்னை போகணுமா, வேலூர்ல வீட்டிலேயே பார்த்துக்கலாமா?

சத்துவாச்சாரி_லோபி

வணக்கம். மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 ஸ்பெஷல், ஒரே ஹம்பக்கர், ரோஸ்டட் மேப்பிள் நெக். கம்பி எர்னி பால் 45-65-80-100-130, புதுசு. சுருதி வழக்கமானதுதான், பி இ ஏ டி ஜி. பெரும்பாலும் சர்ச்ல, விரலால வாசிக்கிறது. அப்பப்ப ஸ்லாப்.

மாசி வரைக்கும் தொந்தரவு இல்ல. வெயில் ஏற ஆரம்பிச்சதும் பி, இ ரெண்டு கம்பியிலும் 1ல இருந்து 5ஆவது ஃப்ரெட் (நெக்ல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) வரைக்கும் ஜிர்ருனு அடிக்குது. 7க்கு மேல சுத்தம். ஓபனா மீட்டினாலும் லேசா கேக்குது. பி கம்பியை 12ல அழுத்தினா ட்யூனர் ஷார்ப் காட்டுது. ஃப்ரெட் ஓரமெல்லாம் கையில உரசற மாதிரி வேற இருக்கு.

சென்னைக்கோ பெங்களூருக்கோ எடுத்துட்டுப் போய் புரொஃபஷனல் செட்டப் பண்ணிடறதா, இல்ல நாமே செஞ்சுக்கலாமா? ரெண்டு லட்சத்துக்கு மேல போன சாமான், நெக்குக்குள்ள ஓடி அதோட வளைவைத் திருத்தற இரும்புக் கம்பி, அந்த ட்ரஸ் ராடுன்னாலே கை நடுங்குது. என்ன டூல் வேணும், எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராணிப்பேட்டை_டூல்ரூம்

முதல்ல அளந்து பாருங்க. சென்னையா வீடான்னு அப்புறம் முடிவு பண்ணலாம். நீங்க சொல்ற அறிகுறி ஒண்ணொண்ணும் ஓரளவு வழி காட்டுது. 1ல இருந்து 5 வரைக்கும் மட்டும் இரைச்சல், மேல சுத்தம்னா நெக் நேரா ஆயிடுச்சு, இல்ல பின்பக்கமா வளைஞ்சிருக்கு. 12க்கு மேல மட்டும் இரைச்சல் வந்தா, ஃப்ரெட் மேல கம்பி நிக்கற உயரம், அதாவது ஆக்‌ஷன் தாழ்ந்திருக்கும், இல்லன்னா உடம்போட சேர்ற இடத்துல நெக் மேடு தட்டியிருக்கும். ஏதாவது ஒரே ஒரு ஃப்ரெட்ல மட்டும் வந்தா அடுத்த ஃப்ரெட் உயர்ந்திருக்கும். உங்க கேஸ் முதல் வகை மாதிரி தெரியுது, ஆனா எண் இல்லாம ராடுல கை வைக்காதீங்க.

வாங்க வேண்டியது அதிகமில்ல. ஃபீலர் கேஜ் ஒண்ணு. இதுக்கு மியூசிக் கடைக்கு அலைய வேண்டாம், டூ வீலர் ஸ்பேர்ஸ் கடையில வால்வ் கேப் செட் பண்றதுக்கு வச்சிருப்பாங்க. பில்லர் கேஜ்னு கேட்டா சட்டுனு எடுத்துக் கொடுப்பாங்க. 0.05ல இருந்து 1.00 மி.மீ. வரைக்கும் பிளேடு இருக்கற செட்டா பாருங்க. புதுசுல எண்ணெய் பூசியிருக்கும், துடைச்சுட்டுதான் நெக் பக்கம் கொண்டு போகணும்.

அடுத்தது 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், அரை மி.மீ. கோடு போட்டது. கடையிலேயே அதோட முனையைப் பாருங்க. சில ஸ்கேல்ல முனையில இருந்து ரெண்டு மூணு மி.மீ. வெறும் இடம் விட்டு அப்புறம்தான் பூஜ்யம் ஆரம்பிக்கும். அது இந்த வேலைக்கு உதவாது. முனையும் பூஜ்யமும் ஒண்ணா இருக்கணும். கேப்போ (கம்பியை ஃப்ரெட்ல அழுத்திப் பிடிக்கிற கிளிப்) ஒண்ணு, நல்ல ஆலன் கீ செட் மில்லிமீட்டர்லயும் இன்ச்லயும், நம்பகமான ட்யூனர். அவ்வளவுதான்.

இப்ப ரிலீஃப், அதாவது நெக்கோட லேசான முன்வளைவு, அளக்கற முறை. சுருதி சரியா சேர்த்துட்டு, பேஸை வாசிக்கற நிலையிலேயே மடியில வச்சுக்கோங்க. மேசையில மல்லாக்கப் படுக்க வச்சா நெக்கோட சொந்த எடையே அளவை மாத்தும். முதல் ஃப்ரெட்ல கேப்போ, கடைசி ஃப்ரெட்ல ஒரு விரல். அப்ப அந்தக் கம்பியே நமக்கு நேர்கோடு. 8ஆவது ஃப்ரெட் உச்சிக்கும் கம்பியோட அடிக்கும் நடுவுல எந்த பிளேடு கம்பியைத் தூக்காம நுழையுதுன்னு பாருங்க. பிளேடை நுழைக்கும்போது கம்பி அசையுதான்னு கண்ணால பார்த்தா ஏமாந்துடுவோம். கம்பி மேல இன்னொரு விரலை லேசா வச்சா அசைவு உடனே தெரியும்.

ஃபெண்டர் தன்னோட பேஸ்களுக்குக் கொடுக்கற அளவு, ரேடியஸ் (ஃபிங்கர்போர்டு மேற்பரப்போட வளைவு) 9.5ல இருந்து 12 இன்ச் வரைக்கும் 0.012 இன்ச், அதாவது 0.30 மி.மீ. ஸ்டிங்ரே ரேடியஸ் 11 இன்ச், அதனால இதை ஆரம்ப அளவா வச்சுக்கலாம். ஆக்‌ஷனுக்கு 17ஆவது ஃப்ரெட்ல தடிச்ச கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2.0 மி.மீ. நிறைய பேர் 12ஆவது ஃப்ரெட்ல அளந்துட்டு 17க்கான எண்ணோட ஒப்பிட்டுக் குழம்பறாங்க. எங்க அளந்தோம்னு எண்ணுக்குப் பக்கத்துலயே எழுதி வைங்க.

மூணு எண் வேணும்: 8ல ரிலீஃப், 17ல பி கம்பியும் ஜி கம்பியும் நிக்கற உயரம். போடுங்க, மேல பேசலாம்.

ஆற்காடு_ஃப்ளாட்வூண்டு

டூல்ரூம் சொன்னதுல தப்பில்ல, ஆனா வரிசை எனக்கு ஒப்புக்க முடியல. இந்த விலை பேஸுக்கு முதல் செட்டப் நல்ல டெக்னீஷியன் கையால நடக்கணும். ட்ரஸ் ராடு திருப்பத் தெரியாதுன்னு சொல்லல. ஃப்ரெட் லெவலும், தலைப்பக்கம் கம்பி உட்கார்ற நட்டோட பள்ள ஆழமும் சரியா இருக்கான்னு ஒருத்தர் பார்த்துட்டா, அப்புறம் வீட்டுல எது மாறினாலும் மரம்தான் காரணம்னு தைரியமா சொல்லலாம். அது தெரியாம ராடைத் திருப்பித் திருப்பி, உயர்ந்து நிக்கற ஒரு ஃப்ரெட்டை மறைக்கப் பார்க்கறவங்கதான் அதிகம்.

வீட்டுல தொடக்கூடாதது மூணு. முதல்ல நட். பழைய அரம், ஹாக்சா பிளேடு, ஊசி அரம்னு எதையும் கொண்டு போகாதீங்க. கம்பி உட்கார்ற பள்ளம் அந்தந்த கம்பியோட தடிமனைவிடக் கொஞ்சமே அகலமா, அடி உருண்டையா இருக்கணும். தவிர, ஓபன் கம்பி மேல நிக்கற இடம் நட்டோட ஃபிங்கர்போர்டு பக்க விளிம்பு. பள்ளம் தலைப்பக்கமா சரியணும். சரிவு தலைகீழா போனா சித்தார் மாதிரி ஒரு சத்தம் வரும், எவ்வளவு ராடு திருப்பினாலும் அது போகாது. மியூசிக் மேன்ல வர்றது காம்பன்சேட்டட் நட். ஒவ்வொரு கம்பிக்கும் விளிம்பு முன்னபின்ன இருக்கும். அது போனா கடையில கிடைக்கிற சாதா எலும்பு நட்டை வச்சு ஈடு கட்ட முடியாது. ரெண்டாவது, ஃப்ரெட் தேய்க்கிறது. ஸ்பெஷல் மாடல்ல ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட், சாதா அரம் வழுக்கிட்டு மரத்தைக் கீறும். மூணாவது முறுக்கின நெக். பி பக்கம் ஒரு ரிலீஃப், ஜி பக்கம் வேற ரிலீஃப்னு 0.15 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா நிறுத்திட்டு ஆளைப் பாருங்க.

நட் ஆழம் சரியான்னு பார்க்கறது மட்டும் வீட்டுல பண்ணலாம். கம்பியை 2க்கும் 3க்கும் நடுவுல அழுத்துங்க, அப்ப முதல் ஃப்ரெட் மேல கம்பிக்கு எவ்வளவு இடைவெளி இருக்குன்னு பாருங்க. சாதா ஜெராக்ஸ் பேப்பர், 80 ஜி.எஸ்.எம்., கிட்டத்தட்ட 0.1 மி.மீ. தடிமன். ஒரு தாள் உள்ளே போனா நட் பிரச்சினையில்ல. தாளே நுழையாம கம்பி ஃப்ரெட்ல ஒட்டிக்கிட்டிருந்தா ஓபன் கம்பி இரைச்சலுக்குக் காரணம் நட்தான். அப்ப காட்பாடியில ரயில் ஏறிட வேண்டியதுதான்.

சத்துவாச்சாரி_லோபி

ரெண்டு பேருக்கும் நன்றி. அளந்தாச்சு. 8ல ரிலீஃப்: 0.05 பிளேடே நுழையல, பி பக்கமும் ஜி பக்கமும் அதேதான். 17ல பி 2.4, ஜி 2.0. பேப்பர் சோதனையில அஞ்சு கம்பியிலயும் ஒரு தாள் போகுது, பி கம்பியில ரெண்டு தாளும் போகுது.

அப்ப நட் தப்பிச்சது, ராடுதான். வீல் எந்தப் பக்கம் திருப்பணும்? கம்பியைத் தளர்த்தணுமா? ஒரு வீடியோவுல கடிகார திசைன்னு சொல்றாங்க, இன்னொண்ணுல எதிர்னு சொல்றாங்க.

ராணிப்பேட்டை_டூல்ரூம்

ரெண்டு வீடியோவும் சரியா இருக்கலாம், எந்த முனையில இருந்து பார்க்கறாங்கங்கறதுதான் வித்தியாசம். அதனால கடிகாரத்தை விட்டுடுங்க, கம்பிப் பெயரால சொல்றேன். வலது கை பேஸ்னு வச்சுக்கறேன்.

உங்க ராடு வீல் ஃபிங்கர்போர்டு முடியற இடத்துல, பிக்கப் பக்கம் தெரியும். அதுல சுத்தி ஓட்டை இருக்கும். ஓட்டைக்குள்ள ஆட்டமில்லாம போற ஆலன் கீயோ, மெல்லிய ஸ்க்ரூடிரைவர் தண்டோ விடுங்க. ஆட்டம் இருந்தா ஓட்டையோட விளிம்பு பிய்யும். கீயோட மேல் முனையை ஜி கம்பிப் பக்கம் தள்ளினா ராடு இறுகும், நெக் நேராகும், ரிலீஃப் குறையும். பி கம்பிப் பக்கம் தள்ளினா தளரும், ரிலீஃப் கூடும். உங்களுக்கு வேண்டியது தளர்த்தறது, அதனால பி பக்கம். கீ பிடிச்ச கை கம்பியிலயோ பாடி பெயிண்ட்லயோ உரசாம இருக்க ஒரு பனியன் துணியை மடிச்சு அடியில போடுங்க.

தளர்த்தும்போது கம்பியை இறக்க வேண்டாம். அஞ்சு கம்பியும் சேர்ந்து 90 கிலோவுக்கு மேல நெக்கை முன்னால இழுக்குது, ராடைக் கொஞ்சம் விட்டதும் அந்த இழுவைதான் நமக்கு வேலை செய்யுது. இறுக்கும்போது மட்டும், வீல் கனமா இருந்தா ரெண்டு மூணு சுதி இறக்கிட்டு, கையால நெக்கை லேசா பின்னால தாங்கிக்கிட்டு திருப்பலாம்.

ஒரு தடவைக்கு வீலை எட்டுல ஒரு சுற்று. அவ்வளவுதான், கால் சுற்றுக்கு மேல ஒரே மூச்சுல போகாதீங்க. திருப்பினதும் சுருதி மாறியிருக்கும், திரும்ப சேருங்க. அப்புறம் கேப்போ போட்டு அளங்க. திசை சரியா தப்பாங்கற சந்தேகம் இங்கேயே தீர்ந்துடும்: இடைவெளி கூடியிருந்தா சரியான பக்கம்தான். 0.25 வந்ததும் நிறுத்திட்டு, ராத்திரி அப்படியே விட்டுட்டு, மறுநாள் அளங்க. மரம் மெதுவா வரும், 0.05 மேல ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. இன்னிக்கே 0.30க்குக் கொண்டு வந்துட்டா நாளைக்கு 0.35ல நிக்கும்.

வீல் சுலபமா சுத்துது ஆனா ரிலீஃப் கொஞ்சமும் மாறலன்னா நிறுத்துங்க. முழுக்கத் தளர்ந்த ராடுலயும் நெக் நேராவே நின்னா அது கம்பி இழுவைக்கு வளையாத நெக், ஆள்தான் பார்க்கணும். இறுக்கும்போது முட்டிக்கிட்டா அதுக்கு மேல ஒரு மயிரிழை கூட பலம் போடாதீங்க. ராடு போனா நெக்கே போன மாதிரி.

ரிலீஃப் சரியானதும் 17ல திரும்ப அளங்க. இப்ப 2.4 இருக்கறது 2.5, 2.6ன்னு ஏறியிருக்கும். அதுக்காக உடனே சாடிலை (பிக்கப்புக்கு அப்பால பிரிட்ஜ்ல கம்பி உட்கார்ற துண்டு) இறக்காதீங்க, வாசிச்சுப் பாருங்க. பி கம்பி மத்ததைவிடத் தளர்வா நிக்கற கம்பி, அலைவு அகலம். அதுக்கு 2.6 கொடுத்தாலும் தப்பில்ல. கடுமையா மீட்டறவங்களுக்கு 2.8 கூட வேணும். இறக்கணும்னா சாடில்ல ரெண்டு பக்க ஸ்க்ரூவையும் சம அளவு திருப்பணும், இல்லன்னா சாடில் சாய்ஞ்சு கம்பி பக்கவாட்டுல நழுவும். அந்தச் சின்ன ஸ்க்ரூவுக்கு 0.050 இன்ச் கீயும் 1.5 மி.மீ. கீயும் ஒண்ணு போலத் தெரியும், ஒண்ணு இல்ல. 0.050ன்னா 1.27 மி.மீ. சின்னதைப் பெரிய ஓட்டையில விட்டுத் திருகினா உள்பக்கம் உருண்டையாயிடும், அப்புறம் எந்தக் கீயும் பிடிக்காது.

ஐந்துகம்பி_ஆரணி

இதைப் படிக்கிற ஃபெண்டர்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்கத் தயாரிப்பு பேஸ்ல தலைப்பக்கம் ராடு நட் இருந்தா அதுக்கு 3/16 இன்ச் ஆலன் கீ, 4.76 மி.மீ. 5 மி.மீ. உள்ளே போகாது, 4.5 போகும் ஆனா நழுவும். நழுவின ஒரு தடவையிலேயே நட் வாய் கெட்டுடும். பழைய பாணி மாடல்ல ராடு நட் அடிப்பக்கம், நெக்கைக் கழட்டினாதான் எட்டும். அங்க எட்டுல ஒரு சுற்றுங்கறது கழட்டி, திருப்பி, மாட்டி, சுருதி சேர்த்து, அளந்து, பத்தலன்னா மறுபடி கழட்டறது. அந்த விஷயத்துல ஸ்டிங்ரே வச்சிருக்கறவங்க கொடுத்து வச்சவங்க.

இப்ப இன்டோனேஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி சரியா வர்றது. இதைக் கடைசியா பண்ணுங்க, ரிலீஃபும் ஆக்‌ஷனும் முடிஞ்சு மறுநாள் அளவு நிலைச்ச அப்புறம். பி கம்பி 12ல ஷார்ப் காட்டுதுன்னீங்க. சாடிலைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு, ட்யூனர். தாழ்ந்த பி 30.87 ஹெர்ட்ஸ். கிளிப் ட்யூனர் நிறைய இந்த இடத்துல தடுமாறும், முள்ளு ஆடிக்கிட்டே இருக்கும். கேபிள் சொருகி வாசிக்கிற பெடல் ட்யூனர் வைங்க, டிரெபிளை முழுக்கக் குறைங்க, நகம் படாம விரல் சதையால மெல்ல மீட்டுங்க. ஓங்கி மீட்டினா ஆரம்பத்துல சுருதி ஏறித்தான் இறங்கும், அந்த ஏறின எண்ணைப் பார்த்து சாடிலை நகர்த்திடக் கூடாது. மீட்டினதும் ஒரு நொடி விட்டுட்டு நிலைக்கிற எண்ணைப் படிங்க. சுருதி சேர்க்கறதையும் 12ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்ல பண்ணுங்க, அது ஒரு ஸ்தாயி மேல, 61.74 ஹெர்ட்ஸ், ட்யூனருக்குச் சுலபம்.

ரெண்டு, புதுக் கம்பி. தடிச்ச கம்பி நட்ல இருந்தும் சாடில்ல இருந்தும் இறங்கும்போது மடங்காம ஒரு வில்லு மாதிரி மேலெழும்பி வரும். அந்த வில்லு இருக்கற வரைக்கும் கம்பியோட உண்மையான நீளம் எதுன்னே சொல்ல முடியாது. சாடிலுக்கு முன்னால, நட்டுக்கு முன்னால கட்டை விரலால கம்பியை ஒரு தடவை கீழே அழுத்தி விடுங்க. மடிப்பு விழற அளவுக்கு வேண்டாம், நேரா இறங்கினா போதும். திரும்பச் சுருதி சேர்த்துப் பாருங்க. பி கம்பி இன்டோனேஷன் புகார்ல பாதி இங்கேயே தீர்ந்துடும். ஓபன் கம்பி இரைச்சல்ல கொஞ்சமும் போகும்.

இதுக்கும் மேல ஷார்ப் காட்டினா கம்பி நீளம் பத்தல, சாடிலைப் பின்னால, நெக்கை விட்டு விலகற பக்கம் நகர்த்தணும். ஃப்ளாட்டா இருந்தா முன்னால. ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னாடியும் கம்பியை ஒரு சுதியாவது இறக்குங்க, இல்லன்னா ஸ்க்ரூ மறை தேயும், கம்பி மேல சாடில் கீறலும் விழும். வேலை முடிஞ்சா பி சாடில் எல்லாத்துக்கும் பின்னால, ஜி எல்லாத்துக்கும் முன்னால நிக்கும். அதுல ஏதாவது ஒண்ணு வரிசை மாறி நின்னா அந்தக் கம்பி கெட்டதுன்னு சந்தேகப்படுங்க.

12ல மட்டும் சரி பார்த்துட்டு விடாதீங்க. பேஸ் வாசிக்கறவங்க பாதி நேரம் 3க்கும் 7க்கும் நடுவுலதான் இருக்கோம். 5லயும் 7லயும் மூணு சென்ட்டுக்குள்ள (ஒரு சென்ட்னா அரைச் சுரத்துல நூறுல ஒண்ணு) வருதான்னு பார்த்து, 12ல ஒரு சென்ட் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்ல.

கம்பி மாத்தும்போது இன்னொண்ணு. நீளத்தை வெட்டறதுக்கு முன்னாடி வெட்டப்போற இடத்துக்குக் கொஞ்சம் முன்ன 90 டிகிரி மடிச்சுட்டு, மடிப்புக்கு அப்பால வெட்டுங்க. நேரா இருக்கறப்பவே வெட்டினா மேல சுத்தின கம்பி உள்கம்பியில இருந்து நழுவும், அந்தக் கம்பி ஆயுசுக்கும் செத்த சத்தம்தான். பி கம்பிக்குச் சுற்று ரெண்டோ மூணோ, மேல இருந்து கீழ இறங்கற மாதிரி.

பாகாயம்_ஹெட்ரூம்

எல்லாரும் எண் சொல்லிட்டீங்க, காரணத்தைச் சொல்றேன். மாசி வரைக்கும் நல்லா இருந்து பங்குனியில மாறிச்சுன்னா அது காத்து காய்ஞ்சது. மரத்துக்குப் பிடிச்ச ஈரப்பதம் 45ல இருந்து 55 சதவீதம். நம்ம ஊர்ல கோடையில பகல்ல 40 டிகிரி தாண்டும், காத்து வறண்டு போகும், ராத்திரி ஏசி போட்டா இன்னும் வறளும். ஐப்பசி கார்த்திகை மழையில தலைகீழ். காய்ஞ்சா நெக் பின்னால போகும், நனைஞ்சா முன்னால வரும்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா நெக்குக்கு நெக் மாறும். ரோஸ்டட் மேப்பிள் சாதா மேப்பிளைவிடக் குறைவா அசையும், அசையவே அசையாதுன்னு இல்ல.

ஃப்ரெட் ஓரம் உரசறதும் இதே கதைதான். ஃபிங்கர்போர்டு மரம் அகலத்துல சுருங்குது, ஃப்ரெட் உலோகம் சுருங்காது, முனை வெளியே துருத்துது. உடனே அரத்தால தேய்க்கக் கூடாது. முதல்ல ஈரப்பதத்தைச் சரி பண்ணிட்டு ஒரு ரெண்டு வாரம் பாருங்க, உள்ளே போயிடலாம். இப்பத் தேய்ச்சுட்டா மழைக்காலத்துல ஃப்ரெட் முனை குட்டையாத் தெரியும், ஜி கம்பி ஓரத்துல நழுவும். ரெண்டு பருவமும் தாண்டியும் துருத்திக்கிட்டிருந்தா டெக்னீஷியன் கிட்ட கொடுத்துத் தேய்க்கச் சொல்லலாம்.

கேஸுக்குள்ள ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் போடுங்க. ரெண்டு பக்கமும் வேலை செய்யற 49 சதவீத ஹ்யூமிடிட்டி பேக் கிடைக்குது, வறண்டா ஈரம் விடும், நனைஞ்சா உறிஞ்சும். நம்ம பக்கம் எல்லாரும் பண்றது, ஆம்பூர் ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எடுத்து கேஸுல போடறது. மழைக்காலத்துல சரி. அதைப் பங்குனி சித்திரையிலயும் உள்ளேயே விட்டு வச்சா ஏற்கனவே காய்ஞ்ச நெக்கை இன்னும் காய வைக்கிறீங்க. மாசி பிறந்ததும் எடுத்துடுங்க.

இதனாலதான் சென்னையா வேலூரான்னு கேக்கறதுல ஒரு சிக்கல் இருக்கு. சென்னை கடலோரம். மே மாசத்துல அங்க ஒரு டெக்னீஷியன் அற்புதமா செட் பண்ணி 0.28ல விட்டாலும், இங்க வந்து ஒரு வாரம் கிடந்தா அது வேற எண்ணா மாறியிருக்கும். அவர் வேலையில குறை இல்ல. ராடும் சாடில் உயரமும் பேஸ் எங்க வாழுதோ அங்கதான் முடிவாகணும். அதுக்காக வருஷத்துக்கு ரெண்டு தடவை 130 கிலோமீட்டர் ரயில்ல போறதுல அர்த்தமில்ல. ஃப்ரெட்டுக்கும் நட்டுக்கும் போங்க. அது ஒரு தடவை ஒழுங்கா பண்ணினா வருஷக்கணக்கா நிக்கும்.

நெக்ல லெமன் ஆயில் போடலாமான்னு அடுத்து யாராவது கேப்பாங்க. வேண்டாம், அது ரோஸ்வுட், எபோனி பலகைக்கு. எண்ணெயும் மெழுகும் தேய்ச்ச மேப்பிள் நெக்குக்கு வாசிச்சு முடிச்சதும் உலர்ந்த பருத்தித் துணி போதும்.

ஐந்துகம்பி_ஆரணி

ஹெட்ரூம் சொன்னதோட ஒரு சின்ன விஷயம். இரைச்சலை எங்க கேக்கறீங்கன்னு பாருங்க. ஆம்ப்ல சொருகாம ராத்திரி அமைதியில ரூம்ல வாசிச்சா எந்த நல்ல பேஸும் கொஞ்சம் ஜிர்ருங்கும். கேபிள் சொருகி, வழக்கமான சத்தத்துல ஸ்பீக்கர்ல அது கேக்கலன்னா துரத்தாதீங்க. அதைத் துரத்தி ஆக்‌ஷனை 3.5க்கு ஏத்தி வச்சுட்டு, கை வலிக்குதுன்னு புலம்பறவங்க இந்தக் குழுவுலயே உண்டு.

அப்புறம் பிக்கப். ஆக்‌ஷன் மாறினா பிக்கப் இடைவெளியும் மாறும். கடைசி ஃப்ரெட்ல அழுத்திக்கிட்டு, கம்பிக்கும் பிக்கப் மேல் முகத்துக்கும் பி பக்கம் 3 மி.மீ. சுமார், ஜி பக்கம் 2.5 சுமார் வச்சு ஆரம்பிங்க, மிச்சம் காதுதான். ரொம்பக் கிட்ட கொண்டு போனா காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்ல ரெண்டு சுருதி சேர்ந்து ஆடற மாதிரி கேக்கும். அதை இன்டோனேஷன் கோளாறுன்னு நினைச்சு சாடிலைத் திருகிட்டே இருப்பாங்க.

ஸ்பெஷல்ல ரெண்டு 9 வோல்ட் பேட்டரி, சேர்ந்து 18. ரெண்டையும் ஒண்ணாத்தான் மாத்தணும். கேபிள் சொருகியே இருந்தா பேட்டரி இறங்கிக்கிட்டே இருக்கும். ஓங்கி அடிச்சா மட்டும் பிசிறு கேக்குதுன்னா நெக்கைக் குறை சொல்றதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க.

சத்துவாச்சாரி_லோபி

வீலை பி பக்கம் தள்ளினேன், இடைவெளி கூடிச்சு. மறுநாள் அளவு 0.28. கட்டை விரலால அழுத்தினதுல பி கம்பி இன்டோனேஷனும் கிட்ட வந்துடுச்சு, சாடில் கொஞ்சம்தான் பின்னால போச்சு. 1ல இருந்து 4 வரைக்கும் இப்ப சுத்தம். இ கம்பி 5ல மட்டும் இன்னும் ஜிர்ருங்குது, ஆம்ப்லயும் கேக்குது. 17ல பி 2.6, ஜி 2.1. டூல்ரூம் அண்ணா, சாடிலை இன்னும் ஏத்தணுமா?

ராணிப்பேட்டை_டூல்ரூம்

ஏத்தாதீங்க. 4 சுத்தம், 6 சுத்தம், 5ல மட்டும்னா 6ஆவது ஃப்ரெட் உயர்ந்திருக்கு. ஒரு பழைய ஏடிஎம் கார்டை எடுத்து, அதோட நேரான விளிம்பை 5, 6, 7 மூணு ஃப்ரெட் மேலயும் ஒண்ணா வைங்க. பேஸ்ல அந்த இடத்துல ஃப்ரெட் இடைவெளி அகலம், அதனால கார்டோட நீளமான பக்கமா இருக்கணும். இ கம்பிக்கு அடியில வச்சு சீசா மாதிரி ஆடுதான்னு பாருங்க. ஆடினா 6தான். ஆடலன்னா பக்கத்துல 6, 7, 8லயும் வச்சுப் பாருங்க.

உயர்ந்திருந்தா ரெண்டு வாய்ப்பு: ஃப்ரெட் பள்ளத்துல இருந்து லேசா எழும்பியிருக்கலாம், இல்ல ஆரம்பத்துல இருந்தே லெவல் விட்டிருக்கலாம். விரல் நகத்தால ஃப்ரெட் முனையை அழுத்தினா அசையுதான்னு மட்டும் பாருங்க. சுத்தியலைத் தேடாதீங்க.

ஆற்காடு_ஃப்ளாட்வூண்டு

அப்ப ரயில் டிக்கெட் போட வேண்டியதுதான், ஆனா இப்ப என்ன கேக்கணும்னு உங்களுக்குத் தெளிவாத் தெரியும். செட்டப் பண்ணிக் கொடுங்கன்னு மொட்டையா சொல்லிட்டு வராதீங்க. 6ஆவது ஃப்ரெட் இ கம்பிக்கு அடியில உயர்ந்திருக்கு, அதை உட்கார வைக்க முடியுமா இல்ல அந்த இடத்துல மட்டும் தேய்ச்சு திரும்ப உருண்டையாக்கணுமான்னு கேளுங்க. ஸ்டெயின்லெஸ்னு முதல்லயே சொல்லுங்க, அது தெரிஞ்சா கூலியும் நேரமும் வேற. நட்டைத் தொட வேண்டாம், தொடணும்னா போன் பண்ணிக் கேட்டுட்டுத் தொடுங்கன்னு ஒரு வார்த்தை. கேஸ் உள்ளே ஒரு சீட்டு வைங்க: கம்பி 45-130, சுருதி பி இ ஏ டி ஜி, விரலால, மிதமான அழுத்தம், 8ல 0.28, 17ல பி 2.6, ஜி 2.1. திரும்ப வாங்கும்போது அவர் விட்ட எண்ணையும் அதே சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு அளந்தா எது மரம் பண்ணினது, எது அவர் பண்ணினதுன்னு பிரிச்சுப் பார்க்கலாம்.

ஹார்டு கேஸ்லயே கொண்டு போங்க. ரெண்டு மணி நேர ரயிலுக்குக் கம்பியை முழுக்கத் தளர்த்த வேண்டாம், தளர்த்தினா நெக் அங்க போய்ச் சேரும்போது வேற அளவுல நிக்கும், அவர் அளக்கறதே தப்பாகும். கூரியர்னா மட்டும் ஒரு சுதி ரெண்டு சுதி இறக்கலாம். ஏசி பெட்டியில போனா, இறங்கினதும் வெயில்ல கேஸைத் திறந்து காட்டாதீங்க, கடையில போய் ஒரு அரை மணி நேரம் மூடியே வச்சுட்டு அப்புறம் திறங்க.